மதினி நிரப்பிய விமானம்

எங்க மதினிக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. சிலருக்குக் கரப்பான்பூச்சி, சிலருக்கு மாமியார், அவளுக்குக் காலி நாற்காலி. இட்லித் தட்டில் மாவு போதாமல் கடைசிக் குழி வெறுமனே நின்றால், மற்றக் குழிகளிலிருந்து கரண்டி நுனியால் மாவை வழித்து அதையும் நிரப்பிவிட்டுத்தான் மூடி போடுவாள். அண்ணன் வீட்டு இட்லி எப்போதும் வெற்றிலைப் பாக்கு அளவில் இருந்ததற்குக் காரணம் சிக்கனம் இல்லை, இதுதான்.

ஒரு தடவை ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கடைசிப் பந்தியில் ரெண்டு இலை ஆளில்லாமல் கிடந்தது. மதினி வாசலுக்குப் போனாள். மண்டபத்து மீட்டரைப் பார்க்க வந்திருந்த கரண்டு ஆபீஸ்காரரையும், அவருக்கு மீட்டர் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேனையும் கையோடு கூட்டி வந்து உட்கார வைத்தாள். கரண்டு ஆபீஸ்காரர் கூச்சப்பட்டுக்கொண்டே ரெண்டு தடவை பாயசம் வாங்கினார். போகும்போது பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறை என்று நினைத்துத் தாம்பூலப் பை கொடுத்துக் கும்பிட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத்தான் போனார்.

இந்தக் கோளாறு அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேன் வைத்திருந்தவர். செண்பகத்தோப்புக்கும், அந்தப் பக்கம் அய்யனார் கோவில் அருவிக்கும் ஆள் ஏற்றிப் போவார். வேன் நிறையாமல் சாவியைத் திருப்ப மாட்டார். அருவியில் தண்ணீர் வற்றிய பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார் என்று அண்ணன் சொல்வதுண்டு, மாமனார் காதில் விழாத தூரத்தில். அவர் மகளுக்குக் கற்றுக்கொடுத்த வியாபாரம் இவ்வளவுதான்: முன்னால் ஏறுகிறவனெல்லாம் டீசலுக்கு, கடைசியாக ஏறுகிற ரெண்டு பேர்தான் வீட்டுக்கு. மதினி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுக்கு ஒரு டிக்கெட் கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், மூணு நாற்காலி. நாற்காலி மூணு என்பதால் கடை எப்போதும் நிறைந்தே இருக்கும். யாரும் வராவிட்டால் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். பெங்களூருக்கும் சென்னைக்கும் ஆம்னி பஸ் டிக்கெட் போடுவாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி பெங்களூரில்தான் வேலை பார்க்கிறது என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்ன விமானக் கம்பெனி மதுரையிலிருந்து பெங்களூருக்கு விமானம் விட ஆரம்பித்தது. கம்பெனிக்கு மொத்தமே மூணு விமானம். மூணும் வாடகை. இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன ரகம், எழுபது பேர் போகலாம். மதினி உடனே ஏஜென்சி எடுத்தாள். நான் பி.காம் முடித்துவிட்டு அண்ணன் வீட்டில் மூணு வேளை சாப்பிடுவதை மட்டும் முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். கம்பெனியின் சேல்ஸ் மேனேஜரிடம் சொல்லி, மதுரை விமான நிலையத்தில் அந்தக் கம்பெனி கவுண்டரில் எனக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தாள். டை கட்டிக்கொண்டு போர்டிங் பாஸ் கொடுக்கும் வேலை. டை கட்டத் தெரியாமல் முதல் வாரம் முழுக்கப் பிரஷரில் இருந்தேன்.

ஒரு நாள் மதினி யாரையோ வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கள் விமானத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தாள். அன்றைக்குப் பதினொரு பேர்தான். அவள் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றாள், பின்னால் இன்னும் ஆள் வரும் என்று. வரவில்லை. கதவை மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அம்புட்டுப் பெரிய வண்டி. உள்ள பதினொரு பேரு. அந்த பைலட்டுக்கு எப்படித்தான் மனசு வந்து எடுத்தானோ," என்றாள். பைலட் டீக்கடைப் பக்கம் நிறுத்தி ரெண்டு குரல் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றுதான் அவள் உண்மையிலேயே நினைத்தாள்.

மறுநாளிலிருந்து நிரப்ப ஆரம்பித்தாள்.

கம்பெனியில் குரூப் ரேட் என்று ஒன்று இருந்தது. மொத்தமாக முன்கூட்டிப் போட்டால் டிக்கெட் பாதி விலைக்கும் கீழே வரும். மதினி கையில் அது குரங்கு கையில் கிடைத்த வாழைத்தோப்பு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் வைத்திருந்த, வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு முதலாளியைப் பிடித்தாள். அவர் சூப்பர்வைசர்களைப் பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி தூங்காமல் போகிறவன் மறுநாள் ஆர்டர் பிடிப்பானா கொட்டாவி பிடிப்பானா என்று கேட்டாள். அவர் விமானத்துக்கு மாறினார். ஒரு சர்ச் பாட்டுக் குழு போனது. ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் தட்டு, சீர், மாலையோடு போனது. கவுண்டரில் முகூர்த்தத் தேங்காயை என்ன செய்வது என்று தெரியாமல் நான் முழித்தது தனிக் கதை.

மம்சாபுரத்து மகளிர் குழு போனதுதான் பெரிய விஷயம். காலையில் போய்ப் பூங்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்கால விமானத்தில் திரும்பினார்கள். அவர்களுடைய தலைவி, நல்ல ஆகிருதியான பெண்பிள்ளை, இறங்கியதும் என் கவுண்டருக்கே வந்து தீர்ப்புச் சொன்னாள். காலை நீட்ட இடமில்லை, குடிக்கக் கொடுத்த தண்ணீர் குழந்தைக்கு மருந்து ஊத்துகிற அளவு, இதற்கு மதுரை ஏசி பஸ் எவ்வளவோ தேவலை. ஆனால் விலை மலிவு என்பதால் அடுத்த மாசமும் வருவோம். சொன்னபடி வந்தார்கள்.

மூணே மாசத்தில் மதுரை விமானம் நிறைந்து போக ஆரம்பித்தது. கம்பெனி மதுரை ஓட்டல் ஒன்றில் ஏஜெண்டுகளுக்கு விழா வைத்து மதினிக்கு ஷீல்டு கொடுத்தது. சேல்ஸ் மேனேஜர் திரையில் கோடு போட்டுக் காட்டினார். கோடு தரையிலிருந்து கிளம்பிக் கூரையைத் தொட்டது. இன்னும் ரெண்டு விமானம் எடுக்கப் போகிறோம், புதிதாக நாலு ஊருக்கு விடப் போகிறோம், தென்மாவட்டத்தில் வளர்ச்சிக்கு எல்லையே இல்லை என்றார். மதினி பாதி கேட்கவில்லை. பின்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்ததால், சமோசா கொண்டுவந்த சர்வர்கள் நாலு பேரை அதட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் வளர்ச்சியைப் பற்றிச் சொன்னதற்கு அந்த நாலு பேரும்தான் நன்றாகக் கை தட்டினார்கள்.

மேனேஜர் நல்ல மனுஷன். சென்னைக்காரர், ஐம்பதை நெருங்கியவர், வழுக்கையை மறைக்க இடது காதிலிருந்து முடியைக் கடன் வாங்கியிருப்பார். விழா முடிந்து ரெண்டு நாள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் எதிர்பார்க்கிற மாதிரி அவரும் பால்கோவாவை எதிர்பார்த்தார். மதினி முறுக்கு வைத்தாள். பால்கோவா வாசனையை முகர்ந்து முகர்ந்தே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

முறுக்கைக் கடித்தபடி மேனேஜர் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். வாயில் முறுக்கு இருக்கும்போது மனுஷன் ஜாக்கிரதையாக இருப்பதில்லை. மதினி சும்மா, கம்பெனி இந்த மாசம் எவ்வளவு லாபம் என்று கேட்டாள். லாபமா, என்று சிரித்தார் அவர். அவள் நிரப்புகிற விலையில் எழுபது சீட்டும் நிறைந்தால்கூட எண்ணெய்க்கும் வாடகைக்கும் காணாது என்றார்.

மதினிக்குப் புரியவில்லை. அப்பாவின் வேன் கணக்கைச் சொன்னாள். கடைசி ரெண்டு சீட்டு லாபம்தானே என்று கேட்டாள்.

"உங்க வேன்ல எல்லாருக்கும் ஒரே ரேட்டு, மேடம்," என்றார் மேனேஜர். "எங்ககிட்ட அப்படி இல்லை. முன்னாடியே வர்றவங்களுக்கு மலிவு. கடைசி நேரத்துல ஓடி வர்றவங்க நாலு மடங்கு கொடுப்பாங்க. அந்தக் கடைசி சீட்டுதான் எங்களுக்கும் லாபம். அதைத்தான் நீங்க முதல் ஆளா வித்துடுறீங்க."

மதினி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பிறகு, "அப்ப நான் நிரப்ப நிரப்ப உங்களுக்கு நஷ்டமா, சார்?" என்றாள்.

அவர் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, அப்படி இல்லை, வளர்ச்சிக்கு முதலில் ஆள் வேண்டும், லாபம் பின்னால் வரும் என்று மறுபடியும் திரைப் பேச்சுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மதினி செய்த காரியம் அவளைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். சீட்டைக் காலியாக விட்டாள். குரூப் ரேட்டைக் கொஞ்சம் பேருக்கு மட்டும் போட்டு, மிச்சத்தைக் கடைசி நேரத்துக்காரர்களுக்கு விட்டு வைத்தாள். பத்தியம் இருக்கிறவள் மாதிரி இருந்தாள் அந்த நாட்களில். நான் வேலை முடிந்து வந்ததும் இன்றைக்கு எத்தனை காலி என்று கேட்பாள். சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள்.

கடைசி நேரத்துக்காரர் ஒருவர் வந்தார். ராஜபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பெங்களூரில் மகளுக்குப் பிரசவம், ஆஸ்பத்திரியில் சிக்கல் என்று போன் வந்திருக்கிறது. மதினி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். சீட்டு இருந்தது. அவள் விட்டு வைத்த சீட்டு. விலை நாலு மடங்கு. அவர் கார்டை நீட்டினார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு காருக்கு ஓடினார். மகளும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால் இதைச் சொல்லலாம்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது மதினி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மேனேஜர் சார் லாபம்னு சொன்னாருல்லா, தம்பி. அது இந்த மனுசன்தான் போல. அவரு வெல கூடக் கேக்கல."

நான், அவருக்கு வசதி இருக்கிறது, சீட்டும் கிடைத்தது, நாம் விட்டு வைக்காவிட்டால் அவரால் போயிருக்கவே முடியாது என்று நியாயம் சொன்னேன். எல்லாம் சரிதான் என்றாள். ஆனால் யாராவது இப்படி ஓடி வர வேண்டும் என்று தான் அங்கே உட்கார்ந்து எதிர்பார்க்க முடியாது, அதற்கு அந்த நஷ்டமே தேவலை என்றாள். மறுநாளே குரூப் ரேட்டுக்குத் திரும்பினாள். லாபம் வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும், தனக்குத் தெரிந்தது நிரப்புகிறதுதான். விமானம் மறுபடி நிறைந்தது. கம்பெனி மறுபடி சந்தோஷப்பட்டது. நஷ்டத்துக்கு ஷீல்டு கொடுக்கிற கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் திரும்பவும் வந்தார். இந்த முறை முறுக்கைத் தொடவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய மனுஷர் கம்பெனியில் பணம் போட வருகிறார், அவர் போட்டால்தான் வாடகை கட்ட முடியும், இல்லையென்றால் விமானத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்றார். அந்தப் பெரிய மனுஷர் வருகிற வியாழக்கிழமை மதுரையிலிருந்து சாதாரணப் பயணி மாதிரி நம் விமானத்தில் போகிறார். அன்றைக்கு ஒரு சீட்டுகூடக் காலியாக இருக்கக் கூடாது. இன்னும் நாற்பது சீட்டு நிற்கிறது. கம்பெனியே இலவசமாக டிக்கெட் தரும், மதியச் சாப்பாடும் உண்டு. ஆளை மட்டும் மதினி கொண்டுவர வேண்டும்.

மதினி முகம் மலர்ந்தது. மம்சாபுரத்துக்குப் போன் போடக் கை போய்விட்டது.

"இன்னொண்ணு, மேடம். யாராவது பேச்சுக் கொடுத்தா, டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினதாத்தான் சொல்லணும். முழு ரேட்டுக்கு."

மதினி போனைக் கீழே வைத்தாள். நான் குறுக்கே விழுந்தேன். என் வேலையும் இதில்தான் இருக்கிறது, ஒரு நாள், ஒரு வார்த்தை, யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"சீட்டை நிரப்பித் தாரேன், சார். அவிய வாயை நான் நிரப்ப முடியாது."

மேனேஜர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை விமானம் பிதுங்கிக்கொண்டு போனது. மம்சாபுரத்துக் குழு பட்டுச்சேலையில் வந்திருந்தது. பணம் போட வந்தவர் யார் என்று எங்களுக்கு அடையாளம் சொல்லியிருந்தார்கள். சட்டையை வெளியே விட்டு, தோளில் ஒரு பையோடு, எளிமையாகத்தான் வந்தார். ஜன்னலோரச் சீட்டு கொடுத்தேன். பக்கத்துச் சீட்டு யாருடையது என்று பார்த்தேன். குழுத் தலைவியுடையது. மாற்றலாம் என்று பார்ப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் அவளே என்னிடம் எல்லாம் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் தங்கமான மனுஷராம். நன்றாகத் தமிழ் பேசினாராம், அதுதான் எங்கள் கெட்ட காலம். எம்புட்டுக்கு டிக்கெட் எடுத்தீங்க என்று கேட்டாராம். இன்றைக்கு ஓசி, சாப்பாடும் ஓசி, மத்த நாளில் பாதி ரேட்டுக்கும் கீழே என்றாளாம். அவர் என்ன ரேட் கொடுத்தார் என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் இவளுக்கு மனசு தாங்கவில்லை. நல்லா ஏமாந்துட்டீங்களே சார், அடுத்த தடவை எங்க அக்கா கடையில் எடுங்க என்று மதினியின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

அவர் மறுநாளே போன் போட்டார். வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். கடையில்தான் இருந்தேன். மதினி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதையும் மறைக்காமல், தான் பணம் போட யோசிக்கிறவர் என்பதைச் சொன்னார். குரூப் ரேட் கேட்டார். மதினி சொன்னாள். பிறகு, நீங்கள் கூட்டி வருகிறவர்கள், விலையை நியாயமாக ஏற்றினால் வருவார்களா என்று கேட்டார்.

நான் மதினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜமாகவே கும்பிட்டேன். அவள் டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"வர மாட்டாவ, சார்," என்றாள். "பஸ்ஸுக்குப் போயிருவாவ."

அந்தப் பக்கம் அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் பணம் போடவில்லை. புது ஊர்களும் புது விமானங்களும் திரையிலேயே நின்றுவிட்டன. வாடகைக்குக் கொடுத்தவர்கள் விமானத்தைக் கேட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் வெளியிலிருந்து ரெண்டு பைலட்டுகள் வந்தார்கள், எங்களிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள், விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கவுண்டரில் நாங்கள் ஆறு பேர் டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் நின்ற விருதுநகர்ப் பையனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். கார்டில் கம்பெனி பேரைப் போட்டு அச்சடித்துவிட்டான்.

நான் மதினியிடம் பேசுவதை விட்டுவிட்டேன். கோபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதால் மூணு வேளையும் அவள் போட்டதைத்தான் சாப்பிட்டேன். குழம்பு வேண்டுமென்றால் அண்ணனைப் பார்த்துச் சொல்வேன். அண்ணன் அவளைப் பார்ப்பான். அவள் ஊற்றுவாள். அண்ணன் ஒரு நாள், இதற்கு எனக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டான். அவளும் சமாதானம் எதுவும் சொல்ல வரவில்லை. முன்பணம் கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பதில் பகல் முழுக்க அலைந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்ச நஞ்சமல்ல. ஷீல்டை யாரோ கடையிலேயே தூக்கி எறிந்ததில் அதன் ஒரு பக்கம் உடைந்தது.

மூணு மாசம் கழித்து, நான் மதினியிடம் இன்னும் பேசாமலே இருந்தபோது, மேனேஜர் வந்தார். வேறு எங்கோ நேர்முகத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியாம். எனக்குத்தான் போன் செய்தார், கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. காதோர முடியை வெட்டிவிட்டிருந்தார். வழுக்கை தைரியமாக வெளியே தெரிந்தது.

உட்கார்ந்தார். திட்டவில்லை. கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் வேலை போனது, எனக்கும் உங்கள் கொழுந்தனுக்கும் சேர்த்து, என்று மெதுவாகச் சொன்னார். மதினி தலையை ஆட்டினாள். தெரியும் என்றாள்.

"ஒரே ஒரு நாள், மேடம். ஒரு பொய். சொல்லியிருக்கக் கூடாதா?"

மதினி யோசித்துத்தான் பதில் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"ஒரு நாளைக்குன்னா சொல்லியிருப்பேன், சார். மறுநாளும் நீங்க பறக்கணும்லா. அந்த மனுசன் பணத்தையும் எரிச்சுட்டு, பொறவு என்ன செய்வீய? இன்னொருத்தரைக் கூட்டியாருவீய. நான் இன்னொரு நாப்பது பேரைக் கூட்டியாரணும்."

மேனேஜர் உடைந்த ஷீல்டைக் கையில் எடுத்து அதில் தன் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க போர்டு மீட்டிங்ல யாராவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன், சார்."

மேனேஜர் முதலில் அவளை முறைத்தார். பிறகு அவருக்குத் தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று செத்த நேரம் தெரியவில்லை. சிரித்தார். மதினி எதிர்க் கடைப் பையனிடம் டீக்குக் கை காட்டினாள், ரெண்டு விரல்.

"மூணா சொல்லுங்க, மதினி," என்றேன்.